சாய்ப்பில் தொங்கிய உமி மூட்டை

சின்னம்மா,

இன்று காலை பேகம்பூரில் ஒரு மாட்டுத்தீவனக் கடை வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் ஒரு காலிச் சாக்கை எடுத்துத் தரையில் தட்டி உதறினார். உமித்தூள் பறந்து மூக்கில் ஏறி, தும்மல் மேல் தும்மல். தும்மி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. “என்னம்மா, ஒடம்புக்கு ஏதும் செய்யிதா?” என்று அவர் பதறினார். நன்றாக இருக்கிறேன் என்றேன். சாக்கும் உமியும் சேர்ந்த அந்த வாசனை எனக்கு நீதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. அம்மா போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முன்னால் அப்பாவின் வாடகை சைக்கிள் கடை, பின்னால் வீடு. அப்பாவைக் கட்டிக்கொண்டு வடமதுரையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாய். என்னைப் பற்றி உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தெருவில் எனக்கு ‘ஓலைவெடி’ என்று பெயர். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். சொம்பு, சிலேட்டு, அப்பாவின் பஞ்சர் டப்பா, எதுவானாலும் சரி. அப்பா அடித்துப் பார்த்தார், பட்டினி போட்டுப் பார்த்தார், மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

வந்த சில நாட்களில், தெரியாமல், அம்மாவின் வட்டிலில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிடுங்கி வீசினேன். சோற்றோடு வட்டில் வாசலைத் தாண்டிப் போய், சைக்கிள் எடுக்க வந்திருந்த டிராயிங் வாத்தியாரின் வெள்ளை வேட்டியில் புளிக்குழம்பைக் கொட்டியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்பா உள்ளே வந்தார். அன்று அவர் அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“இனிமே இவ இந்த வீட்ல வேணாம். மதுரையில ஆஸ்டல்ல சேத்துர்றேன்” என்றார்.

நீ வெளியே போய் வட்டிலை எடுத்து வந்தாய். கழுவித் துடைத்து என் மடியில் வைத்தாய். “ஒங்க அம்மாவோடதுன்னு எனக்குத் தெரியாது தாயி. இனிமே தொட மாட்டேன்” என்றாய். பிறகு அப்பா பக்கம் திரும்பினாய். “முழுப் பரீட்ச வரைக்கும் எங்கிட்ட விடுங்க. அப்பறம் ஒங்க இஷ்டம்.”

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கொல்லையில் பழைய சைக்கிள்களை அடுக்கியிருந்த சாய்ப்பில், உத்தரத்திலிருந்து ஒரு மூட்டை தொங்கியது. உமியும் கிழிந்த துணிகளும் அடைத்த கோணிச் சாக்கு. நீ அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து என் இரண்டு கைகளிலும் சுற்றினாய்.

“எங்க அண்ணன் பட்டாளத்துலருந்து லீவுல வந்தா, மாமரத்துல மண்ணு மூட்டையக் கட்டிக் குத்தும். அது போனப்பெறகு யாருக்கும் தெரியாம நான் குத்துவேன். கட்டவெரல உள்ள மடக்காத, வெளிய வை. மூச்ச விட்டுக்கிட்டே குத்து.”

“யாரை?”

“ஆர வேணும்னாலும். இன்னிக்கி என்னைய நெனச்சுக் குத்து. எனக்கு வலிக்காது.”

குத்தினேன். மூட்டை லேசாக அசைந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. அந்த எரிச்சலில் இன்னும் ஓங்கிக் குத்தினேன். உமித்தூள் கிளம்பி எனக்குத் தும்மல் வந்தது, உனக்கும் வந்தது. இருவரும் மாற்றி மாற்றித் தும்மியதில் பக்கத்து வீட்டுச் சேவல் மிரண்டு சுவரேறிக் குதித்து ஓடியது. உன்னை முதன்முதலாகச் சிரித்த முகத்தோடு நான் பார்த்தது அப்போதுதான். என்னை நீ பார்த்ததும்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மூட்டையைக் குத்திவிட்டு வந்து, சொம்பையும் எறிந்த நாட்கள் உண்டு. நீ திட்டவில்லை. மூட்டையில் இன்னும் கொஞ்சம் உமி திணித்துத் தைத்தாய், அவ்வளவுதான். குத்தி முடித்து மூச்சிரைக்க நிற்கும்போது நீர்மோரோடு வருவாய். “இன்னிக்கி ஆரு?” என்று கேட்பாய். கணக்கு டீச்சர் என்பேன். பம்பரத்தைத் திருடிய எதிர்வீட்டுப் பயல் என்பேன். நீ நியாயம் சொன்னதில்லை. “கணக்கு டீச்சருக்கு இம்புட்டுப் போதுமா?” என்பாய். ஒருநாள் குத்தப் போனவள் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று நீ எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் கையில் சுற்றியிருந்த துணியை மெதுவாகப் பிரித்து எடுத்தாய். நான் அப்படியே உன் தோளில் சாய்ந்துவிட்டேன்.

பரீட்சை நெருங்கிய நேரத்தில்தான் பாலசமுத்திரத்திலிருந்து அப்பாவின் அக்கா வந்தார். அத்தைக்கு மூட்டையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. “பொட்டப்புள்ளைக்கு இதென்னப்பா பழக்கம்? கையெல்லாம் காச்சுப்போனா எவன் கட்டுவான்?” என்று அப்பாவிடம் கேட்டார். பிறகு உன் காதில் விழும்படி, “தனக்கு ஒரு புள்ளையப் பெத்துக்க வக்கில்ல. இருக்கற புள்ளையக் குஸ்திக்காரியாக்கிப் போட்டா” என்றார். அப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரித்தாய். பிறகு அதைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போனாய்.

எதிரே அத்தையின் வெற்றிலைப் பெட்டி இருந்தது. எடுத்து வீசியிருப்பேன். கைகூட நீண்டுவிட்டது. ஆனால் எறிந்தால் உன்மேல்தான் பழி வரும் என்று எப்படியோ தோன்றியது. கையை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

சாய்ப்பில் ஏற்கனவே சத்தம் கேட்டது. தொம், தொம், தொம். நான் வருவதற்குள் நீ அங்கே வந்துவிட்டிருந்தாய். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, கொண்டை அவிழ்ந்து விழ, கண்ணில் நீர் வழிய, நீ மூட்டையை வெளுத்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“சின்னம்மா, இன்னிக்கி ஆரு?”

நீ திரும்பிப் பார்த்தாய். மூச்சு வாங்கியது. “ஒங்கத்தை” என்றாய். சொன்ன மாத்திரத்தில் உனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் மூட்டையைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன். “இம்புட்டுப் போதுமா? இன்னும் குத்து” என்றேன். குத்தவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் நீ சிரித்தபடி குத்தினாய்.

அப்போதுதான் அப்பா சாய்ப்பு வாசலில் நிற்பதைப் பார்த்தோம். நீ அவசரமாகச் சேலையை இறக்கிவிட்டாய். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, மூட்டையில் பலமாக ஒரு குத்து விட்டார்.

“எங்கக்காவத்தான?” என்றார் குரலைத் தாழ்த்தி. “சின்ன வயசுலருந்து பாக்கி.”

அன்று அவர் அத்தையிடம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அத்தை மறுநாள் காலை பஸ் ஏறும்போது என் கன்னத்தைக் கிள்ளி, உன்னிடம் “வாறேன் புள்ள” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்டலைப் பற்றி நானே அப்பாவிடம் கேட்டேன். “அங்க இந்த மாதிரி மூட்டை கட்டித் தர மாட்டாக. பேசாம இங்கயே கெட” என்றார்.

அப்புறம் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. சாக்கின் மேல் பழைய டியூப்களை வரிந்து கட்டி, கீழேயும் ஒரு டியூபைக் கட்டித் தரையோடு இழுத்துவைத்தார். “இப்பப் பாரு” என்று ஒரு குத்து விட்டார். மூட்டை போன வேகத்தில் திரும்பி வந்து அவர் மூக்கில் இடித்தது. நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாய்.

அடுத்த வருடம் தம்பி பிறந்தான். நடக்கப் பழகியதும் அவனும் அந்த மூட்டையைப் பிடித்துத்தான் நின்றான். நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குப் போகும்வரை, அறுபதுகள் பாதி கழியும்வரை, அது சாய்ப்பிலேயே தொங்கியது. எத்தனை முறை சாக்கு மாற்றினாய் என்று எனக்கு நினைவில்லை.

நீ போன பிறகு பலரும் உன் பொறுமையைப் பற்றித்தான் என்னிடம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன். உன் குத்தை அவர்கள் பார்த்ததில்லை.

எனக்கு இப்போதும் கோபம் வருகிறது, சின்னம்மா. வயதானால் குறையும் என்றார்கள். குறையவில்லை. வந்தால் கொல்லைப் பக்கம் போய் ஈரத் துணிகளைத் துவைகல்லில் ஓங்கி அடித்துத் துவைக்கிறேன். வாஷிங் மெஷின் உள்ளே சும்மாதான் இருக்கிறது. போன வாரம் மருமகள் எட்டிப் பார்த்து, “அத்தை, இன்னும் ரெண்டு போர்வை இருக்கு, தரட்டுமா?” என்றாள். கொண்டு வா என்றேன். வெளுத்துக் காயப்போட்டுவிட்டு ஈரக் கையோடு உள்ளே வந்தேன். பேரப்பிள்ளைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டன. கோபக்காரிதான் நான். ஆனால் என் வீட்டில் யாரும் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை.