இரட்டைக் கோடு

திண்டிவனம், 9 மார்ச் 1986, ஞாயிறு, காலை 6.40. எதிரில் இருபத்தெட்டு வம்சப் படங்கள். பதினொன்றில் தப்பு. பதினொன்றும் என் தப்பு, உன்னுடையது இல்லை.

அன்புள்ள அம்சா அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தம்பி தேவநாதன் எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலி தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. நீ நலமா என்று கேட்கச் சொல்கிறாள் அம்மா, உன் கடிதத்தைப் படித்த எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களை வம்சப் படத்தில் குறிக்கக்கூடத் தெரியாதவருக்கு மெட்ராசில் என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று சர்ட்டிபிகேட் கொடுக்கிற அந்த அமெரிக்க போர்டு கேட்டுவிட்டது, பரீட்சைக்கு உட்கார விடவில்லை, மரபுநோய் ஆலோசனை வேலையே வேண்டாம், திரும்பி வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வராதே. நேற்று உன் டிரங்குப் பெட்டியிலிருந்த, மெட்ராசில் நீ பார்த்த குடும்பங்களின் பென்சில் படங்களையும் நான் மையில் வரைந்த டிரேசிங் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாய்மாமனைக் கட்டியவள், அத்தை மகனைக் கட்டியவள் என்று உறவுக்குள் முடித்த ஜோடிகளுக்கெல்லாம் நடுவே நீ இரண்டு கோடு போட்டிருக்கிறாய். பென்சில் இரண்டு தரம் விழுந்துவிட்டது என்று நினைத்து நான் அதை ஒரு கோடாக்கிவிட்டேன். ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு என்றுதான் நீ எழுதினாய், பென்சில் சரியாக விழாது என்று மையில் வரைந்தது நான், நாளாகிறது என்று உனக்குக் காட்டாமல் நேராக போர்டுக்கு அனுப்பியதும் நான். விழுப்புரம் ஆபீசில் ஏழு வருஷமாகப் பாலமும் மதகும் வரைகிறவன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். மல்லாட்டை உரித்துப் பருப்பெடுத்துக்கொண்டே, ஏன்டா, பாலத்துல ஒரு தூணு அதிகமா கீதுன்னு நீயே எடுத்துருவியா என்று கேட்டாள். அப்புறம் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, நானும் எங்க மாமனைத்தானே கட்டிக்கினேன், எங்களுக்கும் ரெண்டு கோடுதானே என்றாள். ஆமாம் என்றேன். நம்ம சின்னவன் நாலு வருசம் தலை நிக்காம கெடந்து போனானே, அதுக்கு ஊரே என் பாவம்னுதான் சொல்லிச்சு, அம்சா ஒருத்திதான் காயிதத்துல படம் போட்டுக் காமிச்சு, இதுல உன் தப்பு எதுவும் இல்லம்மான்னா, அப்படிச் சொல்லத் தெரிஞ்சவளுக்கா சர்ட்டிபிகேட்டு தரமாட்டேன்றாங்க என்றாள். இதை அப்படியே எழுது என்றும் சொன்னாள். எழுதிவிட்டேன்.

நீ உட்காருகிற இடத்திலெல்லாம் நாலு பேர் மனசு லேசாகி எழுந்து போகவேண்டும் என்பது அம்மாவின் ஆசீர்வாதம். குளிரில் காதை மூடிக்கொள்ளவேண்டுமாம், வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்கக்கூடாதாம். போன வெள்ளிக்கிழமை கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டிறங்கி மயிலம் முருகன் கோயிலுக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள், பாஸானதும் நீ வந்துதான் தீர்க்கவேண்டுமாம். அதற்கு மட்டும் வா. படங்களைத் திருத்தி அனுப்ப போர்டு கொடுத்த தவணை மே முப்பது வரை இருக்கிறது, மறந்துவிடாதே. இனி நான் செய்யப்போவது:

1. நாளை லீவு. பதினொன்றையும் மறுபடி வரைவேன், இரண்டு கோடும் போட்டு.

2. தப்பு நகல் எடுத்தவனுடையது என்று போர்டுக்கு நானே எழுதி, எங்கள் இன்ஜினியரிடம் அத்தாட்சிக் கையெழுத்து வாங்குவேன்.

3. உன் பென்சில் படங்களோடு எல்லாம் ரிஜிஸ்டர் தபாலில் முதலில் உனக்கு வரும். நீ சரிபார்த்த பிறகே போர்டுக்கு.

4. அம்மா கேட்டபடி நம் வீட்டுப் படம் ஒன்று வரைவேன். அப்பா அம்மா நடுவே இரண்டு கோடு. சின்னவனுக்கு என்ன குறி போடுவது என்று எனக்குத் தெரியாது. நீ எழுதும்வரை அந்த இடத்தைத் தொடமாட்டேன்.

அம்மா ராஜாமணிக்காக,
தேவநாதன்