கால்களை மடக்கி நீங்கள் கொடுத்த இடம்

என் பிரியமான அப்பாவுக்கு,

எங்கே இருந்தாலும் இதை உட்கார்ந்து கேளுங்கள். நானும் தோட்டத்து லய வரிசையில் நம் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கால் இரண்டும் கடுக்கிறது. பதுளை பஸாரில் அதே துணிக்கடையில் இன்றும் காலையிலிருந்து நின்றேன். ஆள் வராத நேரத்திலும் நாங்கள் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். உங்களுக்குத் தெரியாததா?

ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஆனால் நேரே அதற்கு வர மனம் வரவில்லை. களைப்பாக இருக்கிறது. கொஞ்சம் பழையதைப் பேசிவிட்டு வருகிறேன்.

நாட்டில் சண்டை முடிந்த வருஷம் நம் பக்கத்து எல்ல ஊருக்கு வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரத் தொடங்கினார்கள். கெஸ்ட் ஹவுஸ்களில் வரவேற்பு மேசைக்கு இங்கிலீஷ் பேசுகிற பெண்பிள்ளைகள் தேவையாம் என்று கேள்விப்பட்டேன். மேசை இருந்தால் கதிரையும் இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன் அப்பா, எனக்கு அந்தக் கதிரைதான் வேண்டியிருந்தது. அம்மா ஆயுசு முழுக்கக் கொழுந்து பறிக்கிற மலையில் நின்றாள். நீங்கள் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றீர்கள். நான் படித்தும் பாஸாகியும் துணிக்கடையில் நின்றேன்.

பரீட்சைக்கு எழுதிய இங்கிலீஷ் வாயில் வரவில்லை. நெட் கடையில் இங்கிலீஷ் கதை வீடியோ பார்க்கலாம், வீட்டில் பேசுகிற பேச்சு அப்படியே வரும் என்று கூட வேலை செய்த பிள்ளை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அரைநாள். பொம்பளைப் பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்று சொல்லி நீங்களும் பசறை பஸ்ஸில் ஏறி வந்துவிடுவீர்கள். இருப்பது ஓர் இயர்ஃபோன். ஒரு காது எனக்கு, ஒரு காது உங்களுக்கு.

படம் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "என்ன பாப்பா, இது நம்ம பஸ்ஸ விட மோசமா இருக்கே" என்பீர்கள். அந்தக் கதை நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த கிழவர் கதவைத் தட்டுவார். வீட்டுக்காரம்மா திறந்து, வாங்க, 'டேக் எ சீட்' என்று கதிரையைக் காட்டுவாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்பாள். கதை முடிந்ததும் ஒரு மிஸ் வந்து, அதில் வந்த பேச்சுக்கெல்லாம் மெதுவாகப் பொருள் சொல்லுவாள்.

நீங்கள் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "ஏம்மா, இங்கிலீஷ்ல இப்படியெல்லாம்கூடப் பேசுவாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. விடியற்காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தொரை போட்ட சத்தம்தான் உங்கள் காதில் விழுந்த இங்கிலீஷ். 'கெட் அவுட்', 'டேமிட்', 'ஹரி அப்'. அந்தப் பாஷையில் ஒருவர் இன்னொருவரிடம் தூக்கம் விசாரிப்பார் என்று உங்களுக்கு யார்தான் சொன்னார்கள்?

அதற்குப் பிறகு என்னைவிட உங்களுக்குத்தான் பைத்தியம் பிடித்தது. 'கோல் இட் எ டே' என்றால் இன்றைக்கு இது போதும், நிறுத்திக்கொள்வோம் என்று அர்த்தம் சொன்னேன்.

"யாரு சொல்றது? கங்காணியா?"

"இல்லப்பா. வேல செய்றவங்களே சொல்லிக்குவாங்க."

"அடேயப்பா!"

அன்றிலிருந்து அம்மா விறகு பிளக்கச் சொன்னால் பாதியில் கத்தியைப் போட்டுவிட்டு "கோல் இட் எ டே" என்பீர்கள். "இந்த மனுசனுக்கு இத சொல்லிக் குடுத்தியே, ஒன்னத்தான் சொல்லணும்" என்று ஏச்சு எனக்கு விழும்.

அப்புறம் எல்லயில் அந்த இன்டர்வியூ. நீங்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். உள்ளே கூப்பிட்டதும் நான் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போனேன். தோட்டத்து ஆபீசுக்கு நாம் அப்படித்தானே போவோம்? மேடம் என் வெறும் காலைப் பார்த்தார். 'டேக் எ சீட்' என்றார். எனக்கு அது நன்றாகவே விளங்கியது அப்பா. எத்தனையோ தரம் கேட்ட சொல். ஆனால் முழங்கால் மடங்கவில்லை. மறுபடியும் சொன்னார். பரவாயில்லை மேடம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னேன். வருகிறவர்களை உட்காரவைக்கிற வேலைக்கு, உட்காரத் தெரியாதவளை யார் எடுப்பார்கள்? அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

வெளியே வந்தால், காவல்காரர் உங்களுக்குப் போட்ட கதிரை காலியாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தீர்கள். ரயிலில் தெமோதரை தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தீர்கள். "ஒனக்கு இங்கிலீஷ் வந்துருச்சு தாயி. கதிரையில குந்தத்தான் வரல. எனக்கும்தான் வரல."

மறுநாளே பயிற்சி. தோட்டத்துக் கிளப்பில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரையை நடுவீட்டில் போட்டு, நீங்கள் மேடமாக இருந்தீர்கள். நான் செருப்போடு உள்ளே வந்து உட்கார வேண்டும். "சாமி வெளக்கு இருக்கிற வீட்டுக்குள்ள செருப்பா?" என்று அம்மா விளக்குமாற்றைத் தூக்கினாள். லயமே வாசலில் கூடிச் சிரித்தது. நான் உட்காருவேன், உங்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிடுவேன். "மறுபடியும்" என்பீர்கள். உங்களுக்கு இருமல் ஆரம்பித்திருந்தது. நாங்கள் அதைக் குளிர் என்று நினைத்தோம்.

பதுளை ஆஸ்பத்திரி வாட்டில் பார்க்க வருகிறவர்களுக்குக் கதிரை இல்லை. கடை விட்டு வந்து உங்கள் கட்டில் பக்கத்திலும் நின்றேன். பேச மூச்சு இல்லாத நாட்கள் அவை. ஒரு சாயங்காலம் நீங்கள் மெல்லக் கால்களை மடக்கினீர்கள். வலிக்கிறதோ என்று பயந்து குனிந்தேன். கட்டிலில் காலியான இடத்தைத் தட்டிக்காட்டி, "டேக் எ சீட்ங்க மிஸ்" என்றீர்கள். நான் உட்கார்ந்தேன். அன்று எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

நீங்கள் போன பிறகு நெட் கடைக்குத் தனியாகப் போகிறேன். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வேன், இன்னொன்று மேசையில் கிடக்கும். சில நாள் கதையே மண்டையில் ஏறாது. வட்டம் சுற்றுவதையே பார்த்துவிட்டு வருவேன். போதும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். நீங்கள் இல்லாமல் இந்தப் பாஷை எனக்கு எதற்கு அப்பா?

இப்போது செய்தி. போன வாரம் எல்லயில் வேறொரு கெஸ்ட் ஹவுஸில் கூப்பிட்டார்கள். வாசலில் என் கால் பழக்கதோஷத்தில் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. மறுபடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். மேடம் தலை நிமிர்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். மரியாதைக் குறைவாக நினைத்திருப்பாரோ என்னவோ. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

அம்மா அழுதாள். நானும் அழுதேன். சந்தோஷத்தில் பாதி. மீதி, உங்களிடம் ஓடிவந்து சொல்ல முடியவில்லையே என்று.

அந்தக் கெஸ்ட் ஹவுஸ் வாசலில் ஒரு மாமரம் இருக்கிறது. மகளையோ மகனையோ இன்டர்வியூவுக்குக் கூட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு யாராவது அதன் கீழே வந்து நிற்பார்கள். அவர்களுக்கு நானே கதிரை கொண்டுபோய்ப் போடுவேன். போட்டுவிட்டு உள்ளே வந்துவிட மாட்டேன். பக்கத்திலேயே இன்னொன்று போட்டு நான் முதலில் உட்காருவேன், அவர்கள் உட்காரும்வரை. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் கட்டிலில் இடம் கொடுத்த உங்கள் மகள்,
கலா