கோலமாவில் வரைந்த பம்பு

மாமன் மகளே, என் மரகதமே,

தண்ணீர் வந்துவிட்டது! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நம் தெருமுனை அடிபம்பில் வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது. நான் கொண்டு வரவில்லை. உன் வகுப்புப் பெண்கள் கொண்டு வந்தார்கள். மூன்று நாளாகிறது, இன்னும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இதைத் தெருச் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்காக எழுதுகிறேன். உனக்கு எழுதுவதைத் தெருவே படிக்கப் போகிறது, கோபித்துக்கொள்ளாதே. படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளே நீதானே? அதனால்தான் எழுத்தைப் பெரிது பெரிதாகப் போடுகிறேன். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் நாளெல்லாம் மெஷின் படம் வரைகிறவன் கையெழுத்து கன்னியம்மாவுக்குப் புரியவில்லை என்றால் அப்புறம் எனக்கென்ன மரியாதை?

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. ஐப்பசி மழையில் காய்ச்சல், நாலாம் நாள் ஆஸ்பத்திரி, ஏழாம் நாள் நான் மட்டும் பஸ் ஏறி வந்தேன். அழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மறுவாரமே வேலைக்குப் போனேன். பென்சில் பிடித்தேன், கோடு நேராகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். பம்பு இருக்கிற முனை வழியாகப் போகாமல் பின்பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவேன். யாராவது பேசினால் காதில் விழும், உள்ளே போகாது.

ஏன் அந்த முனைக்குப் போகவில்லை என்று உனக்குத் தெரியும். அங்கேதானே உன் பள்ளிக்கூடம்! கூரை கிடையாது, பெஞ்சு கிடையாது. தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற பெண்கள், வரிசையில் குடங்கள், கவிழ்த்த குடத்தின் மேல் சிலேட்டு. "ஒரு மணி நேரம் சும்மாத்தானே நிக்கறீங்க, நின்னுகினே படிச்சா இன்னா?" என்று நீ கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் குடம் நிரம்பியவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். நாற்று நட்டும் களை பறித்தும் வளர்ந்தவர்கள், வயல் போய் இப்போது அம்பத்தூர் பக்கம் கம்பெனிகளில் கூட்டிப் பெருக்கப் போகிறவர்கள், பேர் எழுதக் கற்றுக்கொண்டது அந்த வரிசையில்தான்.

பம்பு படம் ஞாபகம் இருக்கிறதா? "மாமா, பாடத்துக்கு பம்பு படம் ஒண்ணு போட்டுக் குடு" என்றாய். நான் பெரிய ஆள் அல்லவா, அளவெடுத்து, நெடுக்காக வெட்டினால் உள்ளே எப்படித் தெரியுமோ அப்படி வரைந்தேன். வெட்டிய இடத்தில் எல்லாம் சாய்கோடு போட்டேன். கன்னியம்மா பார்த்துவிட்டு, "இன்னாடி இது, பாம்பு சட்டய உரிச்சுப் போட்டா மாதிரி கீது!" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நீ உள்ளே போய் ஒரு கத்திரிக்காயும் அரிவாள்மனையும் எடுத்து வந்தாய்.

"இத்த நீட்டுவாக்குல அரிஞ்சா இன்னா தெரியும்?"

"வெதை தெரியும்."

"பூச்சியும் தெரியும், டீச்சரம்மா! நேத்து எனக்குத் தெரிஞ்சுது!"

"அவ்ளோதான். எங்க ஊட்டுக்காரு பம்பை அரிஞ்சு வெச்சுகீறாரு."

ஐ.டி.ஐ.யில் அந்த மாதிரிப் படத்தைப் படிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. உன் பெண்களுக்கு ஒரு கத்திரிக்காய் போதுமாக இருந்தது.

அதற்கப்புறம் நீ செய்ததுதான் வேடிக்கை. பம்பு சாமான்களை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தாய். ஸ்பேனர் கன்னியம்மா வீட்டில். பூந்தமல்லியில் செருப்பு தைக்கிறவரிடம் வெட்டி வாங்கிய தோல் வாஷர், பவுனு வீட்டில். எண்ணெய் டப்பா, கோவிந்தசாமி அண்ணன் வீட்டில். படம் நம் வீட்டில். "எல்லாத்தையும் ஒரே எடத்துல வெச்சா என்ன?" என்று கேட்டேன். "ஒரே ஊட்ல கீற சாமான் அந்த ஊடு பூட்டிக் கெடந்தா யாருக்கு மாமா ஆவும்? அதுவுமில்லாம இவங்க எல்லாம் பேசிக்கிறதே இல்ல. பம்புக்காகவாவது பேசட்டும்" என்றாய்.

பூட்டிக் கிடக்கப் போவது நம் வீடுதான் என்று உனக்கு யார் சொன்னது?

பங்குனிக் கடைசியில் பம்பு நின்றது. அடித்தால் வெறும் காற்று. ரயில் பாதை தாண்டிப் போய்க் கிணற்றில் இறைத்துச் சுமந்தார்கள், போக வர ஒரு மணி நேரம். வரிசை இல்லை என்றால் வகுப்பு ஏது? நீ போன பிறகும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து நடத்தி வந்த உன் பள்ளிக்கூடம் அந்த வாரமே நின்றுபோனது. பஞ்சாயத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தாராம். "மெக்கானிக் வர மாசக்கணக்காகும். சனிக்கிழமை வண்டி வரும், ஓடாத பம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. புதன்கிழமை கதவுக்கு அடியில் ஒரு காகிதம் கிடந்தது. கோணல் மாணலாக நாலு வரி. "எத்திராசு. பம்பு நின்னுபோச்சு. படம் குடு. கன்னியம்மா." அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் கடிதம், மரகதம்! நான் என்ன செய்தேன் தெரியுமா? மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். படத்தின் ஓரத்தில், ஒவ்வொரு பாகத்துக்கும் பேர் போட்டு நீ எழுதிய எழுத்து இருக்கிறது. அதை வெளியே கொடுக்க மனம் வரவில்லை. இதை நீ மன்னிப்பாயா என்று கேட்க இத்தனை நாள் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வரும்போது பின்வழியில் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லை, தெருமுனை வழியாக வந்தேன். தலை குனிந்துதான் வந்தேன். தலை குனிந்ததால்தான் பார்த்தேன்.

பம்பு மேடைக்குப் பக்கத்தில், சாணம் தெளித்த தரையில், கோலமாவில் என் பம்பு படம்! ஆள் உயரம். உருளை, தண்டு, மூடி, நாலு போல்ட், எல்லாம் இருந்தது. வெட்டிய இடங்களில் சாய்கோடுகூட விடவில்லை. மனப்பாடமாகப் போட்டிருக்கிறார்கள். என் டிராயிங் ஆபீஸில் இருக்கிற பையன்கள் சாய்கோட்டை ஒழுங்காகப் போட மாட்டார்கள். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

"வந்துட்டாருடி தொரை" என்றாள் கன்னியம்மா. "எத்திராசு, படம் குடுக்கல, போவட்டும், நாங்களே போட்டுக்கினோம். ஆனா நீ முடுக்கனத நீயேதான் கழட்டணும். மூணு பேரு ஸ்பேனர்ல தொங்கிப் பாத்துட்டோம். பல்லியாட்டம் ஒட்டிக்கினு கெடந்தேன், அசையவே இல்ல."

அந்த போல்ட்டுகள்! போன வருஷம் நான் மாட்டியவை. ஸ்பேனர் பிடியில் முழ நீளப் பைப்பைச் செருகி, மூச்சைப் பிடித்து முடுக்கினேன். நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "இவ்ளோ முடுக்காதே மாமா, நாங்க எப்புடிக் கழட்றது?" என்றாய். "நீங்க ஏன் கழட்டணும்? நான்தான் இருக்கேன்ல?" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதுதான் புரிகிறது.

கோவிந்தசாமி அண்ணன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "கழட்டு நைனா, கழட்டு. திருப்பி மாட்றதுக்கு ஆவடிலேர்ந்து டாங்கி வரணும்!"

"எண்ணெ டப்பாவ வெச்சுட்டு நீ கெளம்பு, அண்ணாத்தே. டாங்கி வந்தா சொல்லியனுப்பறோம்" என்றாள் பவுனு.

வீட்டுக்கு ஓடிப் பைப்பை எடுத்து வந்தேன். நாலு போல்ட்டும் கிரீச்சென்று கத்திக்கொண்டு கழன்றன. மூடியைத் தூக்கினேன். தண்டைப் பிடிக்கக் கை நீட்டினேன். பவுனு என் கையைத் தட்டிவிட்டாள்.

"கைய எடு, அண்ணே. நீ கைய வெச்சா வேலை முடிஞ்சிடும், எங்களுக்கு ஒண்ணும் தெரியாம பூடும். டீச்சரம்மா சொல்லிகீது. தள்ளிக் குந்து."

கவிழ்த்த குடத்தின் மேல் உட்கார்ந்தேன். உன் மாணவிகள் சிலேட்டு வைக்கும் இடத்தில்.

பழைய வாஷர் அப்பளம் மாதிரி காய்ந்து நொறுங்கியிருந்தது. எண்ணெயில் ஊறவைத்த புதுத் தோலை மாட்டினார்கள். கிண்ணம் மாதிரி இருக்குமே அந்தத் தோல், அதைக் கவிழ்த்து மாட்டினார்கள். கோலத்திலும் கவிழ்ந்துதான் இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மூடியைப் போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அடித்தார்கள். புஸ், புஸ். ஒரு சொட்டு இல்லை.

கோவிந்தசாமி அண்ணன், "நான் சொல்லல?" என்று ஆரம்பித்தார். கன்னியம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் முறைத்தாள்.

"இன்னா தப்புன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"சொல்லாதே! நல்லா இருப்பே, சொல்லிடாதே!"

நாளை விட்டு மறுநாள் பஞ்சாயத்து வண்டி வருகிறது. பொழுது சாய்கிறது. பதினைந்து பெண்கள் கோலத்தைச் சுற்றி நிற்கிறார்கள், நான் குடத்தின் மேல் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒன்று நடக்க வேண்டும், நடக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

பவுனு குந்தி உட்கார்ந்து கோலத்தையே பார்த்தாள். கையை மடக்கினாள், விரித்தாள். "யக்கா, தண்ணி குடிக்கறப்போ கைய எப்புடி வெச்சுக்குவே?"

"இப்புடி." கன்னியம்மா உள்ளங்கையைக் குவித்தாள்.

"கவுத்து வெச்சா?"

"கவுத்து வெச்சா தண்ணி எங்கடி நிக்கும், ஊத்திக்கினு... ஐயய்யோ!"

அந்த "ஐயய்யோ" ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். பவுனு கோலத்தில் அந்த இடத்தைக் காலால் அழித்து, கிண்ணத்தை நிமிர்த்திப் போட்டாள். பம்பில் அல்ல, முதலில் கோலத்தில்! என் சீஃப் டிராஃப்ட்ஸ்மேன் பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். அப்புறம்தான் மூடியைத் திறந்து வாஷரைத் திருப்பினார்கள்.

மூடும்போது பழக்க தோஷம், நான் பைப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கன்னியம்மா பிடுங்கிக்கொண்டாள். "இத்தாலயே ஒண்ணு போடுவேன், குந்து." ஸ்பேனரை வெறும் கையால் பிடித்து ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினாள். "என் கையால முடுக்குனா என் கையால கழட்டலாம். இவ்ளோ போதுமா, பாரு."

தொட்டுப் பார்த்தேன். போதும் மரகதம். எப்போதுமே அவ்வளவு போதுமாகத்தான் இருந்தது.

ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார்கள். பவுனு அடித்தாள். பத்து அடி, பன்னிரண்டு அடி. கைப்பிடி கனத்தது. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். முதலில் துருத் தண்ணீர், அப்புறம் சேற்றுத் தண்ணீர், அப்புறம் தெளிந்த தண்ணீர், கண்ணாடி மாதிரி! நான் கத்தினேன் போலிருக்கிறது. பவுனு ஒரு கை அள்ளி என் முகத்தில் அடித்தாள். முகத்தில் தண்ணீர் இருந்ததால் மற்றது யாருக்கும் தெரியவில்லை. ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வண்டி வந்தது. மாடு வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது, வண்டிக்காரர் முகம் கழுவிக்கொண்டார், வெறும் வண்டியாகத் திரும்பிப் போனார். அவர் போகும்போது வரிசை திரும்பவும் நின்றிருந்தது. குடத்தின் மேல் சிலேட்டும். இன்று அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்தது, அவர்கள் பம்பு ஒரு வருஷமாகக் கிடக்கிறதாம். "எத்திராஜை அனுப்புங்க" என்று கேட்டார்களாம். "அவரு எதுக்கு? கத்திரிக்கா வாங்கி வெய்யுங்க, நாங்க வரோம்" என்று கன்னியம்மா சொல்லியனுப்பியிருக்கிறாள்.

படத்தை வெளியே எடுத்துவிட்டேன். பவுனு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது, ஓரத்தில் உன் எழுத்தோடு. போகிற வருகிறவர்கள் எல்லாரும் வாய்விட்டுப் படிக்கிறார்கள். எனக்கு மட்டும் என்று வைத்திருந்தபோது ஒரு நாள்கூட நான் படிக்கவில்லையே, ஏன்?

இனிமேல் நான் முடுக்குகிற எதையும் கன்னியம்மா கையால் கழட்ட முடியும். பைப்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் ஐந்தரைக்கு நம் வீட்டுக் கதவு திறந்திருக்கும். வரிசையில் நானும் குடத்தோடு நிற்பேன். கணக்கும் படமும் கேட்டால் மட்டும் சொல்வேன். கேட்கும்வரை வாயை மூடிக்கொண்டு குந்தியிருப்பேன். சத்தியம்.

உன் அத்தை மகன்,
கடைசிக் குடத்துக்காரன்,
எத்திராஜ்