மிஷினில் கட்டிய வாட்ச்

ஏங்க,

நடையை எண்ணுற வாட்ச்சுல எப்படிச் சிவப்பு மை ஒட்டுச்சுன்னு இப்பத்தான் தெரிஞ்சது. நம்ம பிரஸ்ல காலண்டர் அடிக்கிற மிஷின்ல, ஆடுற கம்பியில அதைக் கட்டிவிட்டுட்டு, நீங்க சேர்ல உக்காந்து வடை தின்னிருக்கீக. "இன்னைக்கும் நல்லா நடந்தாச்சு"ன்னு நேத்து எங்கிட்டயே காட்டுனீகளே, எம்புட்டு நெஞ்சழுத்தம்! டாக்டர் நடக்கச் சொன்னது உங்களையா, மிஷினையா?

கேப்பைக்கூழ் அடுப்படியில இருக்கு. மோர் ஊத்திக் குடிங்க.

பிரஸ் சாவி, வண்டிச் சாவி ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு. நான் கண்மாய்க்கரைக்கு நடக்கப் போறேன். அங்க வந்து வாங்கிக்கோங்க.

– கனகமணி

முக்குல நிக்கிற ஆட்டோவைக் கூப்பிடாதீக, வரக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போறேன்.

மூச்சு வாங்குனா நின்னு நின்னு வாங்க. எம்புட்டு நேரமானாலும் அங்கயே இருப்பேன். வாட்ச் வேணாம், நீங்க வந்தாப் போதும்.