வெட்டுவதற்கு முன் பார்த்த போர்வை

என் பெரிய கண்ணுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், எழுதுவது நான் இல்லை, உன் தங்கச்சி. பதறாதே. குளியலறை வாசலில் வழுக்கி வலது கையை ஊன்றிவிட்டேன், எலும்பு முறியவில்லை, மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். போனில் எனக்கு எதுவுமே சொல்ல வருவதில்லை. சாப்பிட்டியா என்று நீ கேட்பாய், சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்று நான் கேட்பேன், அதற்குள் உன் பஸ் வந்துவிடும். அதனால்தான் இவளை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதணும், அவளைப் பற்றி நான் சொல்லும்போதும் அப்படித்தான் என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறார்களே, தலையே வெடிக்கிறதே என்று தினமும் திட்டுவேன் இல்லையா, இப்போது அந்தச் சத்தம் வராதா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா இருந்திருந்தால், திட்ட ஆள் இல்லாமல் இளைச்சுப் போயிட்டே என்று சிரித்திருப்பார்.

நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் சும்மா இல்லை. ஒட்டுத்துணிப் போர்வை வரைகிற அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாயே, சின்னவள் அதிலேயே குடியிருக்கிறாள். துணியைப் போட்டோ எடுத்து உள்ளே ஏற்றிவிட்டால், கத்திரியே படாமல் திரையில் துண்டு துண்டாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதலில் கட்டில் அளவு கேட்கும், கடைசியில் எந்தத் துணி எவ்வளவு வேண்டும், எவ்வளவு மிஞ்சும் என்று அதுவே சொல்லும். ஆரம்பத்தில் ஒரு தலையணை உறை வரைந்து தைத்தாள், தையலுக்கு விடவேண்டிய ஓரத்தைச் சொல்ல மறந்துவிட்டாளாம், தலையணை பாதிதான் உள்ளே போனது, மீதி தலை நீட்டிக்கொண்டு நின்றது. இப்போது தேறிவிட்டாள். திரைச்சீலைக் கடைக்காரம்மா தன் வாடிக்கையாளர்களுக்கு இவளிடம்தான் வரைந்து வாங்கிப் போகிறாள். போன வாரம் வந்தவள், உங்க சின்னது வாயில முத்து வச்சிருக்கா, திறந்தா கொட்டிடுமா என்று கேட்டாள். வேலையைப் பாருங்க, வாயை எதுக்குப் பாக்கறீங்க என்றேன். இவள் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள்தானே.

அங்கே குளிர் எலும்பைக் குத்துகிறது என்றாய். அதனால் அலமாரியில் இருக்கிற துணியை எல்லாம் சேர்த்து உனக்கு ஒரு போர்வை வரையச் சொன்னேன். உன் மஞ்சள் கவுன், நீலப் பள்ளிச் சீருடை, அப்பாவின் கோடு போட்ட சட்டைகள். வெட்டிவிட்டால் அப்புறம் அது சட்டை இல்லையே என்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, திரையில் பார்த்துப் பார்த்தே நாளைக் கடத்தினேன். அப்பாவின் கோடுகளுக்கு நடுவில் உன் மஞ்சள், பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குள்ளேயே நின்றது.

போர்வைக்குப் பின்பக்கத் துணி வாங்கப் போகும்போதுதான் இடித்தது. இரண்டு அகலம் சேர்த்துத் தைக்கணும் என்று இவள் சொன்னாள். நீ போனில் காட்டினாயே, சுவரோரமாக ஒடுங்கிக் கிடக்கிற கட்டில், அதற்கு எதற்கடி இரண்டு அகலம் என்றேன். தலையணை உறை மாதிரி மறுபடியும் சொதப்பிவிட்டாள் என்று நினைத்து, அளவு கேட்கிற பக்கத்தைத் திறக்கச் சொன்னால், இரண்டு பேர் படுக்கிற கட்டில் அளவு போட்டிருக்கிறது. ஒற்றைக்கு மாத்து என்றேன். மாற்றினாள். இரண்டு ஓரத்திலும் இருந்த வரிசைகள் திரையிலிருந்து போயின. போனது எல்லாம் அவளுடைய துணி. அந்தப் பச்சைப் பூப்போட்டது, அரக்குப் பாவாடை, எல்லாம். உன்னுடையதும் அப்பாவுடையதும் மட்டும் நடுவில் நின்றன. இவள் தலையைக் குனிந்துகொண்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது.

தங்கச்சியை என்னிடம் அனுப்பும்மா, இங்கே இந்த வேலையைச் சொல்லித் தருகிற இடம் இருக்கிறது என்று நீ கேட்டாய். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை. இவளிடமும் சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டில் எந்த அறையில் பேசினால் எந்த அறையில் கேட்காது? அவள் பயந்தவள், அங்கே தாக்குப்பிடிக்க மாட்டாள் என்று உன்னிடம் சொன்னேன் பார், அந்தப் பயம் அவளுடையது இல்லை. இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதுடி என்றேன்.

பழையபடி ஆக்கு என்று சொன்னேன். ஒரு தட்டுத் தட்டினாள், போன வரிசை எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. துணியில் அப்படி ஆக்க முடியாது இல்லையா, அதனால் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கத்திரியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். முதலில் அவளுடைய பச்சையைத்தான் வெட்டச் சொன்னேன்.

ஆகவே இவள் அங்கே வர என்னென்ன காகிதம் வேண்டுமோ அனுப்பு. கட்டிலையும் பெரிதாகப் பார்த்து வை. இவள் முதல் தடவை எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பாள், நம்பாதே, இன்னொரு தடவை கேள். கடையில் அவள் சார்பில் நீ பதில் சொல்லாதே, நேரமானாலும் பரவாயில்லை, அவளே சொல்லட்டும். என்னை நினைத்து இரண்டு பேரும் அழுதுகொண்டு இருக்காதீர்கள். கை சரியாகிவிடும், கடைக்காரம்மா வந்துபோவாள், மாடிக்கும் யாராவது குடிவந்து நாற்காலியை இழுப்பார்கள்.

மிச்சத் துணியில் என் ஒற்றைக் கட்டிலுக்கு ஒன்று வருமா என்று இவளிடம் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வரும்மா, ஆனா தனித்தனியா வராது, மூணு பேர் துணியும் கலந்துதான் வரும் என்றாள். கலந்தே வரட்டும் என்றேன்.

இருவரும் குறையில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நூறு வருஷம் இருக்கணும். அந்தக் கட்டிலின் நீள அகலத்தை நாடா வைத்து அளந்து எழுது, கண்ணால் பார்த்து எழுதாதே.

இடது கையால் நானே போட்ட கையெழுத்து, கோணலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்,
அம்மா