அம்மாவிடம் மிஞ்சிய சொல்

என் கண்ணான மகளுக்கு,

உன் அப்பா நான், என் கையாலேயே எழுதுகிறேன். அண்ணன் எழுதித் தரவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். 'ழ' எழுதும்போது மட்டும் நாக்கு வெளியே வந்துவிடுகிறது. உன் அண்ணி பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். இத்தனை காலம் சட்டை தைத்தவனுக்குச் சுழி போடுவது பொத்தானுக்குக் காஜா எடுப்பதைவிடக் கஷ்டமா என்று நானும் விடுவதில்லை.

நீ போனை எடுக்காததால்தான் இந்தக் கடிதம். போனை நடுவில் வெட்டலாம். இதை முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

அன்றைக்கு அம்மா கட்டிலிலிருந்து எழும்போது சாய்ந்துவிட்டாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்ததும் உன் அண்ணன் சந்தோஷத்தில் உனக்குப் போன் போட்டு, அவள் காதருகே வைத்து, "அம்மா, தங்கச்சி வரட்டுமா?" என்று கேட்டான். அவள் "இல்ல, இல்ல" என்றாள். நீ கேட்டுவிட்டாய். வைத்துவிட்டாய்.

மகளே, அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருக்கிறது. மற்ற பேச்செல்லாம் போய்விட்டது. எங்களுக்கே அது மறுநாள்தான் தெரிந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் "இல்ல" என்கிறாள், டம்ளருக்குக் கை நீட்டுகிறாள். டாக்டர் என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். அதற்கும் "இல்ல"தான். உன் அண்ணி, "மாமா, இத்தனை வருஷம் மனசுல வச்சிருந்தது வெளிய வந்துடுச்சு" என்றாள். அம்மாவே சிரித்தாள். வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது.

உன் வேலையைப் பற்றி நீ சொன்னது நினைவிருக்கிறது. முன்னால் 'அன்' ஒட்டி, இருப்பதை இல்லையென்று ஆக்கும் பழைய இங்கிலீஷ் வார்த்தைகள். இப்போது யாரும் பேசாதவை. அகராதிக்காக நீ தேடிச் சேர்ப்பவை. 'அன்சைல்ட்' என்று ஒன்று, பிள்ளையை இல்லாமல் ஆக்குவது. "அம்மா எனக்குச் செஞ்சதுக்கு ஒரு வார்த்தையே இருக்குப்பா" என்றாய். கல்யாணத்தை நிறுத்திவிட்டு நீ வேலைக்குக் கிளம்பியபோது அவள் "எனக்கு மகளே இல்ல" என்றாள். அதை நான் மழுப்ப மாட்டேன்.

இன்னொன்றும் சொன்னாய், 'அன்ஸ்பீக்'. சொன்னதைச் சொல்லாததாக்குவது. எனக்கு அதுதான் பிடித்தது. தையலைப் பிரிப்பது மாதிரி. ஊசித்துளை தெரியத்தான் செய்யும். நீவிவிட்டு மறுபடி தைப்போம். அதைச் செய்ய அவளுக்கு இப்போது வாய் இல்லை.

நேற்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். உன் கட்டிலில் என் தையல் துணிகளைக் குவித்து வைத்திருந்தேன். அண்ணி தாங்கிப் பிடிக்க, அம்மா அங்கே போய் இடது கையால் ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டாள். ஒவ்வொன்றுக்கும் "இல்ல, இல்ல". கட்டில் காலியானதும் தலையணையைத் தட்டி வைத்தாள். பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கவாதம் இன்னொரு முறை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் உன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் மறைக்கப் பார்த்தான்; அவனுக்கு மறைக்கத் தெரியாது.

இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பேனாவைப் பிடுங்கி இந்தக் காகிதத்தின் அடியில் இடது கையால் ஏதோ எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரிந்த எழுத்தையெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன், எதிலும் சேரவில்லை. நீ வந்து அவளிடமே கேள்.

பத்திரமாக வந்து சேர், தாயே.

உன் அப்பா