பனிப்புகாருக்குள் கூப்பிட்ட பெயர்

இன்று காலை பழைய வேட்டி ஒன்று தேடி அலுமாரியைக் கிளறினேன். கையில் அகப்பட்டது உம்முடைய நீலச் சுவெற்றர். வெயில் மண்டையைப் பிளக்கிற புத்தூரில் இதை ஆர் போடப்போகிறார்கள் என்று, மலைப் பயணத்துக்கென்று வாங்கிய அன்றே உம்மோடு சண்டை பிடித்தவன் நான். மூக்கில் வைத்துப் பார்த்தேன். நீலகிரித் தைலம் இன்னும் மணக்கிறது. அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன்.

அறுபத்தைந்து வயதில் உமக்கு மலை ஏற ஆசை வந்தது. "பிறந்ததிலையிருந்து தட்டைத் தரைதான். ஒருக்கா உயரத்திலை நிண்டு பாக்கவேணும்" என்று ஒரு வருடமாக அரித்தெடுத்தீர். வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட ஆளில்லை என்று நானும் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஊர்ச்சனத்தோடு பஸ் ஏறி எல்லா என்ற மலையூருக்குப் போனோம். நாங்கள் ஏறவேண்டிய மலையைச் சின்னச் சிவனொளிபாதம் என்றார்கள். பெயரில்தான் சின்னன், தேயிலைத் தோட்டம் தாண்டியதும் படிக்குமேல் படி. நான் திருப்பத்துக்குத் திருப்பம் குந்தினேன். நீர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மகளின் சப்பாத்தைப் போட்டபடி முன்னால் போனீர்.

"ஏலாட்டில் இதிலை இருங்கோ. நான் ஏறிப்போட்டு வாறன்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அதனால்தான் உச்சிவரைக்கும் வந்தேன்.

மேலே மலைகள் எல்லாம் எங்கள் காலுக்குக் கீழே கிடந்தன. நீர் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தீர். பிறகு, "இவ்வளவு நாளும் உதெல்லாம் உதிலைதான் கிடந்ததோ?" என்று என்னிடம் குறைபோலக் கேட்டீர். ஒரு வருடம் சாட்டுச் சொன்ன நான், முழங்கால் நோகிறது என்று தள்ளிப்போய் ஒரு பாறையில் சாய்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பனிப்புகார் மூடியது. நீட்டிய கை எனக்கே தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டீர். நாலு பக்கத்திலிருந்தும் நாலு கிழவர்கள் "என்னப்பா?" என்றார்கள். எங்கள் பஸ்ஸில் வந்த பெண்கள் எல்லோருக்கும் புருசனின் பெயர் அதுதானே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான், "கனகலிங்கம்" என்று கேட்டது.

கலியாணம் முடித்த நாளிலிருந்து என் பெயரை உம் வாயால் நான் கேட்டதில்லை. அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால்கூட மகளின் தோளைத் தட்டிச் சொல்லவைக்கிறவர் நீர். இரண்டாம் தரமும் கூப்பிட்டீர். மூன்றாம் தரம் குரல் உடைந்தது. அப்போதுதான் எழும்பி வந்தேன். என் சட்டையைப் பிடித்தீர்.

"காது கேக்கேல்லையே உங்களுக்கு?"

"கேக்கேல்லையப்பா."

அந்தப் பொய்யை நீர் முழுசாக நம்பினீர். அதன்பிறகு வீட்டில் என்னோடு கதைத்தது எல்லாம் உரத்துத்தான். நாங்கள் நாளும் பொழுதும் சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் கோபிப்பீர் என்று நானும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

கடைசி நாட்களில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் உமக்கு மூச்சு எடுக்கவே ஏலாமல் கிடந்தது. தாதிப் பிள்ளை, மெல்லக் கதையுங்கோ அம்மா என்றாள். "அவருக்குக் காது கேளாது, பிள்ளை" என்றீர். பிறகு இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "சாப்பிட்டியளோ?" என்று என்னிடம் சத்தமாகக் கேட்டீர். நான் ஓம் என்று தலையாட்டினேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அந்த மூச்சை நான் வீணாக்கினேன் என்ற எண்ணம் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

இப்போது பிள்ளைகளுக்கு நான் அப்பா, ஊருக்கு ஐயா. என் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. நீர் கூப்பிட்ட மூன்று தரமும்தான் என்னிடம் மிச்சம்.

எனக்குக் காது நல்லாய்க் கேட்கும். மலையில் முதல் தரமே கேட்டது. இன்னும் ஒருதரம் நீர் சொல்லமாட்டீரோ என்றுதான் பேசாமல் இருந்தேன்.